சக்ஸ் அண்ணை வாசித்தது என்ன?

தம்பிமாரே, ஓய்வுபெற்ற கலைஞர் ஒருவருடைய அனுபவங்கள் வேண்டும் என்று நீங்கள் படலையைத் திறந்து வந்து கேட்டபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அப்பா வந்து நிற்கிறாராக்கும் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பிறகு யோசித்தால் நீங்கள் கேட்டதும் சரிதான். பேஸ் கிற்றார் அடிக்கிறவன் கறண்ட் போன அன்றைக்கே ஓய்வுபெற்றுவிடுகிறான். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் குழுவில் எல்லாருக்கும் ஒன்றாகவே ஓய்வு கிடைத்தது. ஓய்வூதியந்தான் கிடைக்கவில்லை.

இப்போது கொழும்போடு பேச்சுவார்த்தை நடக்கிறது, கறண்ட் வந்துவிடும் என்று ஊரெல்லாம் கதை. அந்தக் கதையை நம்பித்தான் நீங்களும் குழு தொடங்குகிறீர்கள். நல்லது, தொடங்குங்கள். எந்த வயரை எங்கே செருகுவது, எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்பதெல்லாம் கைபட்டுத் தெரியவேண்டியவை. அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். நான் எங்கள் குழுவில் சக்சபோன் வாசித்த சக்ஸ் அண்ணையைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் எந்த மேடையிலும் எந்த அறிவிப்பாளரும் அதைச் சொன்னதில்லை, ஆகவே இங்கேயும் வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அனுபவங்கள் எழுதுகிறவர்கள் எல்லாம் விளங்கிக்கொண்ட பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்ற அந்தரத்தில் எழுதுகிறேன்.

சக்ஸ் அண்ணை நீர்வேலிக்காரர். வாழைத்தோட்டக் குடும்பம். இளம்வயதில் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு ஹோட்டலில் இங்கிலிஷ் பாட்டுக் குழுவோடு சேர்ந்து றொக் இசை வாசித்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். மற்றவர்கள் பிள்ளைகளையும் உடுப்புப் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு இறங்க, இவர் சக்சபோன் பெட்டியை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாராம். உள்ளே குழந்தை இருக்கிறதென்று நினைத்து யாரோ ஒரு அம்மா பால்மா பைக்கற் கொடுத்தாவாம். "வாங்கினனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன். "வாங்காமல்? அண்டைக்கு வேறை சாப்பாடு இல்லை" என்றார்.

அடுத்த வருடம் எங்கள் குழுவில் சேர்ந்தார். நான் அப்போது ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த பெடியன். கையில் கிற்றார் கிடைத்த கிறுக்கில் இருந்தேன்.

எங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எங்கள் சனத்திடம் ஒரு குழு பெறக்கூடிய ஆகப்பெரிய பட்டம் "ரேப்பிலை இருக்கிற மாதிரியே" என்பது. ரேப் என்கிற அந்தக் கசெற்றில் புல்லாங்குழல் எந்த இடத்தில் இருமுகிறதோ அந்த இடத்தில் மேடையிலும் இருமவேண்டும். எங்கள் தலைவர் மாஸ்ரர் அதில் பெரிய கெட்டிக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதமும் கணக்கும் படிப்பித்தவர். தேவாலயத்தில் ஒர்கன் வாசித்துப் பழகியவர். கசெற்றை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதித் தருவார். அவர் எழுதியதில் ஒரு புள்ளி பிசகினாலும் கணக்கில் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

சக்ஸ் அண்ணை மாஸ்ரர் எழுதிக் கொடுத்ததை மிகவும் மரியாதையாக வாங்குவார். ஸ்ராண்டில் வைத்து, காற்றில் பறக்காமல் உடுப்புக் கிளிப்பும் போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேறெதையோ வாசிப்பார்.

உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சனம் முட்டி வழிகிறது. அந்த நாளில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காதல் பாட்டு. சரணத்துக்கு முன்னால் வயலின்கள் வரவேண்டிய இடத்தைச் சக்ஸ் அண்ணை வாசிக்கவேண்டும். வாசித்தார். ஊதும்போதே தொண்டைக்குள் உறுமுவார் அவர், அதனால் ஒரே குழலுக்குள் இரண்டுபேர் அடிபடுவதுபோல் சத்தம் வரும். வயலின் வரவேண்டிய இடத்தில் அந்த உறுமல் வந்ததும் முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று வீரிட்டு அழுதது. பின்வரிசையில் விசில் பறந்தது. எனக்கு அது சரியா, பிழையா, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: அதுவரை நான் அந்தப் பாட்டைக் கேட்டதேயில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தும்புபோல மீசை வைத்த ஒரு ஐயா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"தம்பி, நல்லா ஊதினீர். ஆனால் ரேப்பிலை உது இல்லையே?"

"ஓம் ஐயா," என்றார் சக்ஸ் அண்ணை. "ரேப்பிலை நான் இல்லை."

ஐயா கொஞ்சநேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்ரர்தான் அந்த மறுமொழியைப் பிறகு ஒரு கிழமையாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு திரிந்தார்.

இதில் உங்களுக்கு என்ன படிப்பினை? துணிந்து வாசித்தால் பிழையும் சரியாகும் என்று நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த நிகழ்ச்சியிலேயே பேஸில் என் எண்ணத்துக்கு நாலு ஸ்வரம் மாற்றி அடித்தேன். பாடிக்கொண்டிருந்த வசந்தன் சுருதி தெரியாமல் பாட்டையே விட்டுவிட்டு, ஒலிவாங்கியில் சனத்தைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். பிறகு சக்ஸ் அண்ணை என் முதுகில் தட்டி, "எடேய், நீ அத்திவாரம். நான் கூரையிலை நிக்கிற சேவல். சேவல் பறந்தால் வீடு விழாது, நீ அசைஞ்சால் விழும்" என்றார். அப்படியென்றால் அத்திவாரத்துக்கு ஆசை இருக்கக்கூடாதா? கேட்டேன். அவரிடம் எதைக் கேட்டாலும் பாதிதான் கிடைக்கும்.

அடுத்தது கொழும்புத்துறையில் நடந்தது. கத்தோலிக்கக் கோயில் பெருநாள். பின்னேரம், கடற்கரைக் காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்து இரைகிறது. ஆடவைக்கிற பைலாப் பாட்டு ஒன்று அடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் சக்ஸ் அண்ணையின் தனி வாசிப்பு. எங்கள் வழக்கம் என்னவென்றால், தன் இடம் வருவதற்கு முன் அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து "வாறன்" என்பார். நாங்கள் சத்தத்தை இறக்கி வழிவிடுவோம். அன்றைக்கும் திரும்பினார், "வாறன்" என்றார். நாங்கள் இறக்கினோம். டிரம்ஸ் அடிக்கும் யோகனும் நானும் மட்டும் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவர் வரவில்லை. பார்த்தால் ஆளே இல்லை. மேடைக்குப் பின்னால் குதித்துப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் வருகிறவனும் "வாறன்" என்பான், போய்விட்டு வருகிறேன் என்பதற்குப் போகிறவனும் "வாறன்" என்பான். போறன் என்று சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் அடிவிழும். இந்தச் சொல்லை வைத்து ஒரு குழு மேடையில் சைகை பிடித்தது எவ்வளவு பெரிய விசர்வேலை என்று அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்குப் பட்டது.

வசந்தன் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டுறதோ, பாடுறதோ?" என்று கேட்கிறான். மாஸ்ரர் ஒர்கனில் இருந்து கையை எடுத்துவிட்டு, எழுதிய தாளை முன்னும் பின்னும் புரட்டுகிறார். அதற்குள் அண்ணை ஒளித்திருக்கிறார் என்பதுபோல. யோகன் என்னைப் பார்க்கிறான். நான் யோகனைப் பார்க்கிறேன். நிற்பாட்டினால் கூக்குரல் விழும். தொடர்ந்தால் எதுவரை? எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் தொடர்ந்தேன். துணிவு என்று நினைத்துவிடாதீர்கள். நிற்பாட்டுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

அதே நாலு வட்டம், திரும்பத் திரும்ப. பாட்டில்லை, ராகமில்லை, வெறும் அடி. கடற்தொழில் செய்யும் பெடியன்கள் நாலைந்துபேர் எழும்பி மணலில் ஆடத் தொடங்கினார்கள். பிறகு பத்து, இருபது. பிறகு எண்ணமுடியவில்லை. பாதர் கூடக் கதிரையில் இருந்தபடி காலால் தட்டினார். எங்கள் குழு வாழ்நாளில் அப்படியொரு ஆட்டத்தைக் கண்டதில்லை. கடைசியில் யோகனின் கை சோர்ந்துதான் நிறுத்தினோம்.

சக்ஸ் அண்ணை ஒலிபெருக்கிக் கம்பத்தடியில், ஆடுகிற பெடியன்களுக்குள் நின்று தானும் ஆடிக்கொண்டிருந்தார். சக்சபோனில் வைத்து ஊதும் ரீட் வெடித்துவிட்டதாம். வேறொன்று எடுக்கச் சைக்கிளடிக்கு ஓடியிருக்கிறார். எடுத்தும் வந்துவிட்டார். மேடையில் ஏறவில்லை.

"ஏன் ஐசே ஏறேல்லை?" மாஸ்ரர் தாளும் கையுமாக வந்து நிற்கிறார்.

"நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது மாஸ்ரர். ஏறிக் குழப்பவே?"

"வாறன் எண்டு சொன்னனீர்!"

"ஓம். போட்டு வாறன் எண்டுதான் சொன்னனான்."

அன்றிலிருந்து உள்ளே வருவதென்றால் "உள்ளை", வெளியே போவதென்றால் "வெளியிலை" என்று சொல்லவேண்டும் என மாஸ்ரர் சட்டம் போட்டார். சக்ஸ் அண்ணை ஒரு நிகழ்ச்சிக்கு அதைக் கடைப்பிடித்தார். இந்தச் சம்பவத்தில் யார் கெட்டிக்காரர், யார் மடையர் என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ரீட் கையில் இருந்தும் வாசிக்காமல் நின்றது பெரிய மனதா, சோம்பலா? நீங்கள் மேடையேறிப் பழகியபின் எனக்கு வந்து சொல்லுங்கள்.

பிறகு இந்தியன் ஆமி வந்தது. நிகழ்ச்சிகள் அருகின. அந்த இடைக்குள் சக்ஸ் அண்ணைக்குக் கல்யாணம் நடந்தது. பெண் உடுப்பிட்டிதான், ஆனால் எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கும் வந்ததில்லை; நாங்கள் அக்கா என்போம். நடந்த ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஊரடங்குப் பயத்தில் அவவை அண்ணை கூட்டிவரவில்லை. ஆறுதலாகப் பிறகு அவ கேட்கலாந்தானே என்று நினைத்திருப்பார். தொண்ணூறில் கறண்ட் போயிற்று. பெற்றோல் போயிற்று. பற்றரி போயிற்று. குழு போயிற்று.

எங்கள் எல்லாரிலும் சக்ஸ் அண்ணைக்கு மட்டுந்தான் கறண்ட் தேவையில்லை. மூச்சிருந்தால் போதும். அவர் வாசித்திருக்கலாம். வாசிக்கவும் பார்த்தார். ஒருநாள் காலமை முற்றத்தில் பெட்டியைத் திறந்து, கீழிருந்து மேலே இழுத்து ஒரேயொரு நீண்ட ஸ்வரம் ஊதினாராம். அவ்வளவுதான். குண்டுபோடுகிற பொம்மர் வருகிறதென்று யாரோ சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்து ஒழுங்கைச் சனம் முழுவதும் பங்கருக்குள், அதுதான் பதுங்குகுழிக்குள், பாய்ந்துவிட்டது. முன்வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் பாய்ந்தாராம். அக்கா அகப்பையோடு பங்கருக்குள். சக்ஸ் அண்ணை சக்சபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கு "நான்தான்! நான்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். மாடு அகப்பட மத்தியானமாகிவிட்டது. அதன்பிறகு அவர் பெட்டியைத் திறக்கவில்லை.

தொண்ணூற்றுமூன்றில் வாழைக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பொத்திக்கொண்டு வரம்பில் இருந்தார். எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டில் கல்வெட்டு என்கிற நினைவுமலர் கொடுத்தார்கள். கடதாசி இல்லாத காலம்; கொப்பித் தாளில் அச்சடித்த மெல்லிய புத்தகம். ஊர்ப் புலவர் ஒருவர் பாட்டு எழுதியிருந்தார். அதில் சக்ஸ் அண்ணை "குழலிசை வல்லோன்" ஆகியிருந்தார். சாப்பாடு முடிந்து நாங்கள் கைகழுவி நிற்க, அக்கா அந்தக் கல்வெட்டோடு வந்தா.

"மாஸ்ரர், இதிலை வல்லோன் எண்டு போட்டிருக்கினம். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆக்களிலை ரெண்டுபேர், பாவம், அவர் பிழைபிழையாத்தான் வாசிக்கிறவர் எண்டு கதைச்சினம். நான் காதாலை கேட்டனான். எது சரி எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரேயொரு சத்தம். அதோடை நான் பங்கருக்குள்ளை." அழாமல்தான் சொன்னா. "நாலு வருசம் ஒரு மனிசனோடை இருந்திட்டு, அந்தாள் என்ன வாசிச்சதெண்டு தெரியாமல் இருக்கிறது சரியில்லை. எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளே?"

"ஓம் பிள்ளை," என்றார் மாஸ்ரர். அதில் யோசிக்க என்ன இருந்தது? அவருடைய வாசிப்பைத் திரும்ப வாசித்துக்காட்டவேண்டும். நாங்கள் வாழ்நாள் முழுவதும் செய்த தொழில் அதுதானே!

எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் பாட்டில்லாத ஒரு வாத்திய இசையோடுதான் தொடங்கும். மாஸ்ரர் அமைத்தது. அதன் நடுவில் சக்ஸ் அண்ணைக்கென்று ஓர் இடம் இருந்தது. அதை வாசிப்பதென்று தீர்மானமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீர்வேலி முற்றத்தில் கூடினோம். யோகன் தன் தோட்டத்துத் தண்ணீர் எஞ்சினுக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு போத்தல் கொண்டுவந்தான். இரவல் ஜெனறேற்றர் ஒன்று. ஒரு தடவை வாசிக்கத்தான் எண்ணெய் காணும். ஒத்திகைக்குக் கிடையாது. சக்சபோன் பெட்டி விறாந்தை மேசையில் திறந்திருந்தது. யோகன் எடுத்து ஊதிப் பார்த்தான். தாரா வாத்துக் கத்துகிறமாதிரிச் சத்தம் வந்தது. மரியாதையாகத் திரும்ப வைத்தான்.

ஆகவே ஒர்கனில் சக்சபோன் சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமத்தி மாஸ்ரரே வாசிப்பது. சக்ஸ் அண்ணை வாசித்ததை ஞாபகத்திலிருந்து எழுதியும் கொண்டுவந்திருந்தார். சுத்தமான எழுத்து. எங்களுக்குப் பாடிக் காட்டினார்.

"மாஸ்ரர், அது இல்லை," என்றான் யோகன்.

"என்ன இல்லை?"

"அண்ணை கீழையிருந்தெல்லோ தொடங்குறவர்." யோகன் வாயால் ஊதிக் காட்டினான், தொண்டையால் உறுமி.

"உனக்கு விசர்," என்றான் வசந்தன். "எடுத்த எடுப்பிலையே உச்சத்திலை ஒரு கத்தல். நான் பக்கத்திலை நிண்டனான், என்ரை காது அடைச்சது." அவன் கையை வாயடியில் குவித்து அந்தக் கத்தலைக் கத்தினான். முன்வீட்டு நாய் குரைத்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ நல்ல ஞாபகம்: முதலில் ஒன்றும் வாசிக்கமாட்டார். நாங்கள் விட்டுவிட்டாரோ என்று பயப்படும்வரை நின்றுவிட்டு, விக்கல்மாதிரி மூன்றே மூன்று ஸ்வரம். அதைச் சொன்னேன். மூன்றுபேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள்.

அக்கா குசினி வாசலில் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறா.

"ரேப் இருக்கு," என்றான் வசந்தன். யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டில் எங்கள் தொடக்க இசையைப் பதிந்த கசெற். தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். எங்களுக்கு உயிர் வந்தது. ரேப் இருந்தால் பிறகென்ன பிரச்சினை? எண்ணெயைத் தொடாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கசெற் பெட்டியின் வயரைக் கொழுவி, யோகன் மிதியைக் கையால் சுற்றினான். உங்கள் வீடுகளிலும் பாட்டுக் கேட்பது அப்படித்தான், தெரியும். வேகமாகச் சுற்றினால் பாட்டு கிறீச்சிடும். ஆறுதலாகச் சுற்றினால் பேய் முனகும்.

சனத்தின் இரைச்சல், கோப்பைச் சத்தம், யாரோ "ஐஸ்கிறீம் வரேல்லை" என்கிறார்கள், அதற்கெல்லாம் பின்னால் தூரத்தில் எங்கோ சக்ஸ் அண்ணை. எழும்பி, வளைந்து, இழுபட்டு, விழுந்து, திரும்ப எழும்பி...

அக்கா கேத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து குந்தினா.

"இதிலை அழுகிறாரோ?"

யோகன் மூச்சுவாங்கினான். "இல்லை அக்கா. அது எனக்குக் கை உளைஞ்சது."

மாஸ்ரர் மிதியை வாங்கிக் கணக்காகச் சுற்றினார். இப்போது வேறு வாசிப்பு. நான் சுற்றினேன். இன்னொரு வாசிப்பு. எது அவருடைய வளைவு, எது சைக்கிளின் வளைவு, ஒருவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போதாதற்கு, அது நாங்கள் மூன்றுபேர் சொன்ன எதுவுமாகவும் இல்லை. கீழிருந்து தொடங்கவில்லை, உச்சத்தில் கத்தவில்லை, விக்கவும் இல்லை. சக்ஸ் அண்ணை ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசித்ததில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான், ரேப்பிலை இருக்கிற மாதிரியே வாசிக்கிற பழக்கத்தில், அவரையும் ஒரு ரேப் ஆக்கிப் பிரதிபண்ண வந்து குந்தியிருக்கிறோம்.

மாஸ்ரர் எழும்பினார். "நேரம் போகுது. ஜெனறேற்றரை இழு. நான் எழுதினதை வாசிப்பம். பிள்ளைக்கு அது காணும்."

காணுந்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாஸ்ரர் எழுதியது அழகான சங்கீதம். அக்கா கேட்பா, கண்ணைத் துடைப்பா, இவ்வளவு ஒழுங்காக வாசித்த மனிசனையா பிழை என்றார்கள் என்று நினைப்பா, சாகும்வரை அதையே வைத்திருப்பா. ஆறுதல். மண்ணெண்ணெயும் வீண்போகாது. ஆனால் அது மாஸ்ரர். சக்ஸ் அண்ணை அதற்குள் ஓரிடத்திலும் இல்லை. சொல்வதா, விடுவதா? கணவனை இழந்த ஒருத்திக்குக் கையில் கொடுக்கப்போகிற ஒன்றைத் தட்டிப்பறிக்க நான் யார்? யோகன் கயிற்றை இழுக்கப் போய்விட்டான்.

"அக்கா," என்றேன். "மாஸ்ரர் வாசிக்கப்போறது அண்ணை வாசிச்சது இல்லை. நாங்கள் சொன்னதும் இல்லை. இந்த ரேப்பும் இல்லை. அவர் என்ன வாசிச்சவர் எண்டு... எங்களாலை காட்டேலாது."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. யோகன் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறான்.

அக்கா என் பக்கம் திரும்பினா.

"அப்ப உங்களுக்கும் தெரியாதோ?"

"தெரியாது அக்கா."

"பக்கத்திலை நிண்டு வாசிச்ச உங்களுக்கும்?"

"ஓம்."

அவவுடைய தோள் இறங்கியதை நான் கண்டேன். துக்கத்தில் இறங்குவதுபோல இல்லை. தலைச்சுமை இறக்கி வைத்தவர்களுக்கு இறங்குமே, அப்படி. "நான் நினைச்சன், ஊருலகத்துக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாதெண்டு," என்றா. பிறகு யோகனைத் திரும்பிப் பார்த்தா. "தம்பி, அந்தக் கயித்தை விடும். எண்ணெயை உம்மடை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க வைச்சிரும்."

நாங்கள் சாமான்களைக் கட்டலாமா, போகலாமா என்று தெரியாமல் நின்றோம்.

"எங்கை எழும்புறியள்? இருங்கோ. முந்திப் பிடிச்ச சண்டையை இன்னொருக்காப் பிடியுங்கோ."

"என்ன அக்கா?"

"நீர் கீழையிருந்து எண்டு ஒண்டு செய்து காட்டினீர். இவர் நாய் குரைக்கிறமாதிரிக் கத்தினார். அதைத்தான். முதலிலையிருந்து."

யோகன் வெட்கப்பட்டுக்கொண்டு தொடங்கினான். வசந்தன் அவனை முடிக்கவிடாமல் இடையில் கத்தினான். நான் என் மூன்று விக்கலையும் விக்கினேன். அக்கா பனங்கட்டித் துண்டை வாய்க்குள் அதக்கிக்கொண்டு, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டா. ஒருமுறை சிரித்தா. ஒருமுறை, வசந்தன் கத்தியபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. சரியா, பிழையா என்று பிறகு கேட்கவேயில்லை.

கடைசியில் மாஸ்ரரைப் பார்த்தா.

மாஸ்ரர் தான் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார். தேவாலயத்தில் பாடுகிற அந்தக் குரலால், தாளில் இல்லாத, நாங்கள் ஒருவரும் ஒருநாளும் கேட்டிராத எதையோ இழுக்கத் தொடங்கினார். கரடுமுரடாக, வயதுபோன தொண்டை உறுமி உறுமி. அது போன திசையைப் பார்த்தால் அவருக்கே எங்கே போய் முடியும் என்று தெரியாது போலிருந்தது.

"மாஸ்ரர், அது இல்லை," என்று யோகன் வாயெடுத்தான்.

"நீர் சும்மா இரும் தம்பி," என்றா அக்கா. "வாசிக்கட்டும்."